ஒரே முற்றத்துல குஞ்சும் கோழியும்: தீவன நாட்குறிப்பு

ஜூலை 7

கருப்புப் பெட்டை வச்ச 13 முட்டையில 11 பொரிச்சிருச்சு, இன்னைக்குக் காலையில எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு முற்றத்துல இறங்கிருச்சு. இனிமே ஒரே எடத்துல நாலு விதமா மேயும், இந்தக் குஞ்சுங்க, மூணு மாசத்து வெடைங்க, முட்டையிடுற பெட்டைங்க, ரெண்டு சேவல். தனித்தனியா கூண்டு போட எடமும் இல்ல, எனக்கு மனசும் இல்ல. தாயோட திரியுற குஞ்சுக்கு இரை கிளறவும் பருந்து நிழல் விழுந்தா பதுங்கவும் அதுவே சொல்லிக் கொடுத்துரும். ஆனா தீவனத்துல மட்டும் நாமதான் பாத்துக்கணும்.

அத்தை வழக்கம்போல "குருணையைப் போட்டா போதும்த்தா, எல்லாம் பொறுக்கித் தின்னுக்கிரும்"னு சொன்னாங்க. பெரிய கோழிக்குச் சரிதான், அது நாள் பூரா பூச்சி புழு பொறுக்கி மிச்சத்தை ஈடுகட்டிரும். குஞ்சுக்கு அந்த வேகம் வர நாளாகும். குருணையில புரதம் 8 சதவீதம் இருந்தாலே பெருசு, குஞ்சுக்கு முதல் எட்டு வாரம் 20 சதவீதமாவது வேணும்.

ஜூலை 8

பக்கத்து ஊர் தம்பி போன் பண்ணுச்சு. "அக்கா, லேயர் தீவனம் ஒரு மூட்டை கெடக்கு, குஞ்சுக்கும் அதையே போட்டுரவா?" வேண்டாம்ப்பான்னு சொல்லிட்டேன். காரணத்தை இங்கயும் எழுதி வைக்கிறேன், நெறைய பேர் இதைத்தான் கேக்குறாங்க.

லேயர்ங்குறது முட்டையிடுற கோழிக்கான தீவனம், அதுல கால்சியம் மூணரைல இருந்து நாலு சதவீதம் இருக்கும், குஞ்சுக்கு வேண்டியது ஒரு சதவீதம்தான். ஒரு முட்டை ஓட்டுக்கே ரெண்டு கிராம் கால்சியம் கிட்ட போகுது, அதனால முட்டையிடுற கோழிக்கு அவ்வளவு வேணும். முட்டையே இடாத குஞ்சு அதை எங்க கொண்டுபோய் வைக்கும், அம்புட்டும் கிட்னி வழியாதான் வெளியேறணும். ரெண்டு வாய் கொத்திட்டா ஒன்னும் ஆயிராது, ஆனா வாரக்கணக்கா அதையே தின்னா கிட்னி கெட்டு, யூரிக் ஆசிட் வெளியேறாம ஈரல் மேலயும் இதயத்து மேலயும் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையா படிஞ்சிரும். வெளிய பாத்தா குஞ்சு சோந்து நிக்கும், அவ்வளவுதான் தெரியும், அறுத்துப் பாத்தாதான் வெளங்கும். முட்டைக்கு வராத வெடைக்கும் இதே கதைதான்.

அதனால கலந்து வளக்குறவங்க சின்னதுக்கு எது ஒத்துக்குமோ அதை எல்லாருக்கும் போடுங்க, கால்சியத்தைத் தனியா வைங்கன்னுதான் நான் சொல்லுவேன். எங்க வீட்டுல பொதுத் தீவனம் க்ரோயர், அதாவது வளர்ற கோழிக்கான தீவனம், புரதம் 16 சதவீதம். கிளிஞ்சல் ஒடைச்சது தனியா ஒரு சட்டியில, தீவனக் கடையில ஷெல் கிரிட்னு கேட்டா தருவாங்க. முட்டையிடுற பெட்டை தனக்கு வேண்டியதைத் தானே கொத்திக்கும், சாயங்காலம் அடையப்போறதுக்கு முன்னாடி நல்லா கொத்தும், ஏன்னா ஓடு உருவாகுறது பெரும்பாலும் ராத்திரிலதான். குஞ்சும் சேவலும் அந்தச் சட்டியைப் பெருசா சீண்டாது. வருசத்துக்கு 300 முட்டை போடுற பண்ணைக் கோழிக்குப் பண்ணின தீவனம் லேயர், நம்ம நாட்டுக்கோழி போடுறது 60, 80. அதுக்கு இதுவே தாராளம்.

ஜூலை 10

குஞ்சுக்கு க்ரோயர் புரதம் மட்டும் பத்தாது, அதுக்கு ஸ்டார்ட்டர்ங்குற குஞ்சுத் தீவனம் வச்சா பெருசுங்க வந்து ஒரே நிமிசத்துல காலி பண்ணிருது, அதுக்குத்தான் பஞ்சாரம், கோழியைக் கவுத்து வைக்கிற கூடை. மூணு செங்கலைப் படுக்கப்போட்டு அதுமேல பஞ்சாரத்தைக் கவுத்தி தலைல ஒரு கல்லு வச்சாச்சு. அடியில மூணு இஞ்ச் சந்து, குஞ்சு சர்ருனு பூந்துரும், பெட்டையால தலையைத்தான் விட முடியும், அதனால தட்டை நட்டநடுவுல வைக்கணும். தாய் மேயுற எடத்துக்குப் பக்கத்துலயே வைங்க, தூரமா வச்சா குஞ்சு பயந்துக்கிட்டு உள்ள போகாது.

தாய்க்கோழியும் ஸ்டார்ட்டர் தின்னா தப்பில்ல, அது இப்ப முட்டையிடல, 21 நாள் அடைகாத்து எளைச்சுப்போய் வேற கெடக்கு, நான் அதுக்குத் தனியா ரெண்டு கை போடுறேன்.

ஜூலை 13

வெள்ளைக்கழிச்சல் வராம இருக்க லசோட்டா சொட்டு மருந்து போட்டாச்சு, எல்லாம் நல்லாருக்கு. தண்ணித் தட்டுல கூழாங்கல்லு போட்டிருக்கேன், ஆழமான தட்டுன்னா குஞ்சு விழுந்து செத்துரும்.

ஜூலை 21

ஸ்டார்ட்டர் மூட்டை வாங்கினா லேபிளைப் படிங்க, தயவுசெஞ்சு. ரத்தக்கழிச்சல் வராம இருக்க மருந்து கலந்திருப்பாங்க. குஞ்சுக்கு நல்லதுதான், ஆனா முட்டையிடுற கோழி அதைத் தின்னா சில மருந்து முட்டையில எறங்கும், அந்த முட்டையைத்தான நம்ம பிள்ளைங்க சாப்புடுது. டாக்டர்ட்ட பேரைச் சொல்லி கேட்டுக்கோங்க. வான்கோழியும் சேத்து வளக்குறவங்க இன்னும் கவனமா இருக்கணும், சாலினோமைசின்னு போட்டிருந்தா அது வான்கோழிக்கு விஷம், கிட்டயே விடாதீங்க.

கடலைப்புண்ணாக்கும் அப்படித்தான். பூசணம் புடிச்ச வாடை லேசா அடிச்சாலும் வேண்டாம். 1960ல இங்கிலாந்துல ஒரு லட்சத்துக்கும் மேல வான்கோழிக் குஞ்சு செத்ததே பூசணம் புடிச்ச கடலைப்புண்ணாக்காலதான், அஃப்ளாடாக்சின்னு ஒரு விஷம் இருக்குறதே அதுக்கப்புறம்தான் தெரிஞ்சுச்சு. வாத்துக் குஞ்சு அந்த விஷத்தை வான்கோழியைவிடத் தாங்காது.

ஆகஸ்ட் 4

குஞ்சுங்களுக்கு றெக்கை நல்லா வந்துருச்சு. இப்ப வெடைங்கதான் தொல்லை, தனக்கு மேல இருக்குற பெட்டைங்ககிட்ட வாங்குற கொத்தை அப்படியே குஞ்சுக்குக் குடுக்குது. க்ரோயரை ஒரே தட்டுல வைக்காம மூணு எடத்துல வச்சிருக்கேன், ஒன்னுக்கொன்னு கண்ணுல படாத மாதிரி திண்ணைக்கு அந்தப்பக்கம் ஒன்னு, மாட்டுத்தொட்டிக்குப் பின்னாடி ஒன்னு. வெரட்டினாலும் இன்னொரு எடத்துல போய்த் தின்னுக்கும்.

கரையானும் வச்சேன். பழைய மண்பானைக்குள்ள கிழிஞ்ச சாக்கு, காஞ்ச சாணி, தண்ணி தெளிச்சு சாயங்காலம் வேலியோரம் கவுத்தி வச்சா காலையில பானை நெறைய இருக்கு. அதைப் பஞ்சாரத்துக்குள்ள தட்டி விட்டா குஞ்சுங்க அடிச்சுப்புடிச்சு ஓடிவருது, அதைப் பாக்குறதுக்காகவே வெள்ளென எந்திரிக்கலாம். பைசா செலவில்லாத புரதம்.

செப்டம்பர் 1

எட்டு வாரம் ஆச்சு. ஒன்னைக் காக்கா தூக்கிருச்சு, மிச்சம் பத்தும் திடமா இருக்கு. நேத்துல இருந்து ஸ்டார்ட்டர்ல பாதி க்ரோயர் கலந்து போடுறேன், ஒரு வாரத்துல முழுசா மாத்திருவேன், திடீர்னு மாத்தினா தின்னாம நிக்கும். மூணு இஞ்ச் சந்துல ரெண்டு சேவக்குஞ்சுக்கு முதுகு இடிக்குது, பஞ்சாரத்தை எடுத்துரலாம்.

தாய் குஞ்சுங்களைக் கொத்தி வெரட்ட ஆரம்பிச்சிருச்சு, கொண்டையும் செவந்துக்கிட்டு வருது. சீக்கிரமே முட்டைக்கு வந்துரும், கிளிஞ்சல் சட்டியில அடியில தூளுதான் கெடக்கு, நாளைக்கு சந்தையில ரெண்டு கிலோ வாங்கணும்.