ஐரோப்பியச் சட்ட வரலாறு: ஒரு கப்பலைப் பிடித்துக்கொண்டு படியுங்கள்

யேர்மனிக்குச் சட்ட முதுகலை படிக்க வரும் எங்கள் பிள்ளைகளில் பலர் நவீன ஐரோப்பியச் சட்ட வரலாறு என்ற பாடத்தைக் கண்டதும் மிரண்டுவிடுகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது என்று அண்மையில் மூன்று பேர் அடுத்தடுத்துக் கேட்டதால் இங்கே எழுதிவிடுகிறேன். நான் இந்தப் பாடத்தில் முதல்முறை தவறி, இரண்டாம் முறை நல்ல புள்ளியோடு தேறியவன். இடையில் எதை மாற்றினேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதல்முறை, ஊரில் ஏ.எல். பரீட்சைக்குப் படித்த மாதிரியே படித்தேன். 1794 பிரஷ்யச் சட்டத் தொகுப்பு, 1804 பிரெஞ்சு சிவில் சட்டம், 1807 பிரெஞ்சு வணிகச் சட்டம், 1811 ஒஸ்திரியச் சட்டம், 1861 யேர்மன் பொது வணிகச் சட்டம், 1900இல் நடைமுறைக்கு வந்த யேர்மன் சிவில் சட்டம் என்று மேசைக்கு மேலே சுவர் முழுக்க ஒட்டிவைத்திருந்தேன். பரீட்சையில் 1681ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் கடல் ஆணையிலிருந்து நாலு வரியைக் கொடுத்து, இந்த விதி யாருடைய எந்தச் சிக்கலைத் தீர்க்கிறது, இதற்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது என்று கேட்டிருந்தார்கள். ஆண்டு தெரியும். பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேரின் காலத்தது என்பதும் தெரியும். அதற்கு மேல் ஒரு வரியும் எழுத வரவில்லை.

அது 2021. மார்ச் 23 அன்று எவர் கிவன் என்ற கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்காகச் சிக்கிக்கொண்டதை எல்லோரும் பார்த்தோம். ஹம்பேர்க்கில் சரக்கு அனுப்பும் வேலை பார்க்கும் மச்சான் ஒருவர் சில வாரங்கள் கழித்து ஒரு படிவத்தை என்னிடம் நீட்டினார். கப்பல் உரிமையாளர் ‘ஜெனரல் ஆவரேஜ்’ அறிவித்திருந்தார். கப்பலை மீட்க ஆன செலவைக் கப்பலும் அதிலிருந்த சரக்குகளும் தத்தம் பெறுமதிக்கேற்பப் பகிர்ந்துகொள்ள வேண்டும். பங்கு தருவேன் என்று கையெழுத்துப் போட்டு, காப்புறுதிக்காரரின் உத்தரவாதத்தையும் கொடுத்தால்தான் கொள்கலன் கைக்கு வரும்.

“எங்கட சாமானுக்கு ஒரு கீறலும் இல்லை. நாங்கள் ஏன்டா காசு கட்டவேணும்?” என்று கேட்டார்.

“பொறுங்கோ அண்ணை, பார்த்துச் சொல்லுறன்” என்று வந்தவன், அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டே பாடம் முழுவதையும் படித்து முடித்தேன். உங்களுக்கும் இதையே சொல்வேன்: ஏதாவது ஒரு வணிகச் சிக்கலைத் தெரிந்தெடுத்து, நூற்றாண்டு நூற்றாண்டாக அதன் பின்னால் போங்கள். உண்டியலை (வணிகர்களின் பணமாற்றுப் பத்திரம், bill of exchange) எடுக்கலாம், காப்புறுதியை எடுக்கலாம். எனக்குக் கைகொடுத்தது கடலில் எறியப்பட்ட சரக்கு.

தொடக்கம் ரோமச் சட்டத்தில். 533இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட ‘டைஜெஸ்ட்’ என்ற சட்டத் தொகுப்பின் 14ஆம் நூல், இரண்டாம் தலைப்பு. ரோட்ஸ் தீவுச் சட்டம் என்ற பெயரில் அங்கே ஒரு விதி இருக்கிறது: கப்பலின் பாரத்தைக் குறைக்கச் சரக்கைக் கடலில் எறிந்தால், எல்லோருக்காகவும் இழந்ததை எல்லோரும் சேர்ந்து ஈடுசெய்ய வேண்டும். ஒரே வாக்கியம்தான். அதை லத்தீனிலேயே வாசித்துப் பழகுங்கள். தலைப்பு முழுவதும் சில பக்கங்கள்தான். அகராதியோடு உட்கார்ந்தால் ஒரு வார இறுதியில் முடியும்.

அடுத்தது ஓலெரோன் சுருள்கள். பிரான்சின் மேற்குக் கரையிலுள்ள அந்தத் தீவின் பெயரால் வழங்கும், மத்திய காலத்து வைன் கப்பல்களின் வழக்கச் சட்டம். இதில் எனக்கு மிகப் பிடித்தது சரக்கு எறிவது பற்றிய விதி. புயல் அடிக்கிறது. கப்பல் தலைவன் முதலில் கப்பலில் இருக்கும் வணிகர்களிடம் கேட்க வேண்டும். அவர்கள் மறுத்தாலும் அவன் எறியலாம். ஆனால் கரை சேர்ந்ததும் அவனும் மாலுமிகளில் மூன்றில் ஒரு பங்கினரும் வேதப் புத்தகத்தில் கை வைத்து, உயிரையும் கப்பலையும் காக்கத்தான் எறிந்தோம் என்று சத்தியம் செய்ய வேண்டும். எறிந்த சரக்கின் விலை, பத்திரமாக வந்து சேர்ந்த சரக்கின் விலையை வைத்துக் கணக்கிடப்படும். சத்தியம், சாட்சி, விலை நிர்ணயம் எல்லாம் அந்தச் சில வரிகளுக்குள் இருக்கின்றன. ரோமச் சட்டத்தில் இருப்பது நீதி. ஓலெரோனில் இருப்பது நடைமுறை. இந்த வேறுபாட்டைப் பரீட்சையில் எழுதினால் புள்ளி கிடைக்கும்.

மத்தியதரைக் கடலுக்கு பார்சலோனாவின் கடல் வழக்கத் தொகுப்பும், பால்டிக்குக்கு விஸ்பி கடற்சட்டமும் இருந்தன. இவற்றின் பெயரும் பரப்பும் தெரிந்தால் போதும், அங்கே நேரத்தைச் செலவழிக்காதீர்கள். ‘ஆவரேஜ்’ என்ற சொல்லை மட்டும் கவனியுங்கள். சேதமடைந்த சரக்கைக் குறித்த அரபுச் சொல், இத்தாலியத் துறைமுகங்கள் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது. கணக்கில் நாங்கள் சொல்லும் ‘சராசரி’ என்ற பொருள், இழப்பைப் பகிர்ந்த அந்த வழக்கத்திலிருந்து பிறகு வந்தது.

இனித்தான் நவீன காலம், பரீட்சையின் மையமும் இதுதான். பிரான்சில் 1673இல் வணிக ஆணை, 1681இல் கடல் ஆணை. அதுவரை வணிகர்களும் மாலுமிகளும் தங்களுக்குள் காத்துவந்த வழக்கத்தை இப்போது அரசன் தன் சட்டமாக அறிவிக்கிறான். நான் முதல்முறை கோட்டைவிட்டது இந்த இடத்தில்தான். விதியின் உள்ளடக்கம் பெரிதாக மாறவில்லை. அதன் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பது மாறிவிட்டது.

பிறகு பிரெஞ்சுப் புரட்சி. 1791இல் தொழிற்குழுக்கள் (guilds) ஒழிக்கப்பட்டன. எல்லாரும் சமம் என்றால் வணிகர் என்ற ஒரு கூட்டத்துக்கு மட்டும் தனிச் சட்டம் எப்படி இருக்க முடியும்? 1807ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஒரு வழி கண்டது: ஆளைப் பார்க்காமல் செயலைப் பார்த்தது. வணிகச் செயல் ஒன்றைச் செய்தவர் எவரானாலும் அதற்குரிய வழக்கு வணிக நீதிமன்றத்துக்குப் போகும். 1897ஆம் ஆண்டு யேர்மன் வணிகச் சட்டமோ மறுபடி ஆளிடம் திரும்பி, வணிகர் யார் என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறது. ஒப்பீட்டுக் கேள்வி வந்தால் இந்த இரண்டையும் எதிரெதிரே நிறுத்துங்கள்.

யேர்மனி பற்றி ஒன்று. 1814இல் தீபோ, சவினி என்ற இரண்டு சட்ட அறிஞர்கள் நடத்திய விவாதத்தை எல்லோரும் விழுந்து விழுந்து படிக்கிறார்கள். யேர்மன் நாடுகள் முழுவதற்கும் ஒரே சிவில் சட்டம் வேண்டும் என்றார் தீபோ. காலம் கனியவில்லை என்றார் சவினி. அந்தச் சிவில் சட்டம் 1900 வரை காத்திருந்தது. ஆனால் வணிகர்களால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியவில்லை. 1848இல் உண்டியல் சட்டம், 1861இல் பொது வணிகச் சட்டம். நாடு ஒன்றாவதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, தனித்தனி அரசுகள் ஒரே வாசகத்தை ஏற்றுக்கொண்டன. மற்றப் பகுதிகளை நியூரம்பேர்க்கில் விவாதித்தவர்கள், கடற்சட்டத்தை மட்டும் ஹம்பேர்க்கில் வைத்து விவாதித்தார்கள். என் கருத்தில், சவினியைவிட இது அதிகம் சொல்லித்தருகிறது.

இங்கிலாந்துக்கு மான்ஸ்ஃபீல்ட் பிரபு ஒருவரே போதும். 1756 முதல் 1788 வரை தலைமை நீதிபதி. வணிகர்களையே ஜூரிகளாக அமர்த்தி, அவர்களுடைய வழக்கத்தைக் கேட்டறிந்து அதை ஆங்கிலேயப் பொதுச் சட்டத்துக்குள் (common law) கொண்டுவந்தார். காப்புறுதியில் மறைக்காமல் உண்மை சொல்ல வேண்டும் என்ற கடமைக்கு 1766ஆம் ஆண்டு கார்ட்டர் எதிர் போம் வழக்கைக் காட்டுவார்கள். சுமாத்திராவில் ஒரு கோட்டை பகைவர் கையில் விழும் ஆபத்துக்கு எடுத்த காப்புறுதி அது. காப்புறுதி எடுத்த ஆளுநர் தோற்றார் என்று பலர் எழுதுகிறார்கள். அவர் வென்றார். தீர்ப்பை வாசியுங்கள்.

இலங்கையில் படித்தவர்களுக்கு ஒரு அனுகூலம் உண்டு. ரோம-டச்சுச் சட்டம் இருந்த எங்கள் நாட்டில் 1852ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் கடல் விவகாரங்களுக்கும் உண்டியல்களுக்கும் ஆங்கிலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. காணியும் முதுசமும் பழைய சட்டத்திலேயே இருக்க, கப்பலும் காசும் மட்டும் ஏன் தனியாகப் போயின? நாங்கள் ஊரில் மனப்பாடம் செய்த அந்தச் செய்தி, ஐரோப்பா முழுவதற்கும் பொருந்தும் கேள்வி.

இரண்டாம் முறை வாய்மொழிப் பரீட்சை. ஆறு வாரம் படித்தேன். அதில் நான்கு வாரம் மூல வாசகங்களுக்கே போனது. பாடநூலை அதற்குப் பிறகுதான் திறந்தேன். ஒவ்வொரு வாசகத்தின் கீழும் யார் இழந்தார், யார் கொடுக்க வேண்டும், அதை யார் தீர்மானித்தார் என்று கொப்பியில் எழுதினேன். கடைசிப் பக்கத்தில் இன்றைய யேர்மன் வணிகச் சட்டத்தில் ஜெனரல் ஆவரேஜ் பற்றிய 588ஆம் பிரிவு இருந்தது, பக்கத்தில் மச்சானின் படிவத்தின் பிரதி.

பேராசிரியர் டைஜெஸ்ட் வாசகத்தை முன்னால் வைத்தார். ரோமச் சட்டத்தில் பயணிகளின் உடுப்பும் மோதிரமும்கூடப் பெறுமதிக் கணக்கில் சேரும், உணவுப் பொருளுக்கு மட்டும் விலக்கு. “ஏன்?” என்று கேட்டார். நடுக்கடலில் சாப்பாடு தட்டுப்பாடானால் அவரவர் வைத்திருப்பதை எப்படியும் பொதுவில் போட்டுத்தான் சாப்பிடுவார்கள், வாசகமே அப்படிச் சொல்கிறது என்று அந்த வரியைத் தொட்டுக் காட்டினேன். அவர் தலையசைத்துவிட்டு, 1807க்கு வந்தார்.