கைக்குத் தையல், வாய்க்கு ஒத்திகை

இதய அறுவை சிகிச்சைப் பயிற்சியில் சேர்ந்த புதிதில், சிமுலேட்டர் என்றால் தையல் போட்டுப் பழகும் இடம் என்றுதான் நினைத்திருந்தேன். தையல் முக்கியம்தான். ஆனால் எனக்கு அதைவிட அதிகம் கைகொடுத்தது நெருக்கடி ஒத்திகை.

முதலில் தையல். தட்டில் பன்றி இதயம். அதில் இதயத் தசைக்கே ரத்தம் தரும் கொரோனரி தமனியைத் தேடிப் பிரித்து, கீறித் திறந்து, ஒரு சிரைத் துண்டை இணைக்க வேண்டும். 2 மில்லிமீட்டர் அகலம் இருந்தாலே பெரிய விஷயம். 7-0 ப்ரோலீன் நூல் தலைமுடி கனம்தான். லூப் எனும் உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் வேலைக்கு ஆகாது. தமனிப் பக்கம் ஊசி உள்ளிருந்து வெளியே வர வேண்டும், அப்போதுதான் உள்சுவர் விலகாது. எதிர்ச் சுவரையும் சேர்த்துக் குத்திவிட்டால் பாதையே அடைபடும். தைத்து முடித்ததும் சிரை வழியாகத் தண்ணீர் செலுத்திக் கசிவு பார்ப்போம். அப்புறம் இணைப்பையே வெட்டித் திறந்து, ஒவ்வொரு தையலையும் உள்பக்கத்திலிருந்து பார்ப்போம். நோயாளியிடம் இதற்கு வழியே கிடையாது. நான் கற்றதில் பாதி அந்த வெட்டித் திறந்த இணைப்புகளில்தான்.

பெருந்தமனியில் கேனுலா எனும் குழாய் போடுவது, வால்வு பொருத்துவது எல்லாம் இதே போலத்தான் பழகினோம்.

ஒத்திகை வேறு விதம். பைபாஸ், அதாவது இதயம், நுரையீரல் வேலையைச் செய்யும் இயந்திரம், ஓடிக்கொண்டிருக்கும்போது, பெருந்தமனிக்குப் போகும் குழாயில் காற்று தெரிகிறது என்று பயிற்றுநர் அறிவிப்பார். உடனே பம்ப்பை நிறுத்தச் சொல்ல வேண்டும், குழாய்களுக்குக் கிளாம்ப் போட வேண்டும், மேசையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தச் சொல்ல வேண்டும். பிறகு பெருந்தமனியிலிருந்து காற்றை வெளியேற்றி, மேற்பெருஞ்சிரை வழியாக மூளைக்குப் பின்னோக்கி ரத்தம் செலுத்தத் தயாராக வேண்டும். வரிசை எல்லோருக்கும் மனப்பாடம். அதை யாரிடம், எந்தச் சொல்லில், எவ்வளவு சத்தமாகச் சொல்வது என்பதுதான் கடினம். சொன்னதை எதிரில் இருப்பவர் திருப்பிச் சொல்லும்வரை அடுத்த படிக்குப் போகக் கூடாது என்று கண்டிப்பாகப் பழக்கினார்கள்.

அந்தப் பழக்கம் அறுவை அரங்கிலும் அப்படியே வந்தது. பைபாஸ் தொடங்கும் முன், ரத்தம் உறையும் நேரம் 480 விநாடியைத் தாண்டியதா என்று இப்போது வாய்விட்டுக் கேட்கிறேன்; எண் காதில் விழுந்த பிறகுதான் தொடங்கச் சொல்கிறேன்.

பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒத்திகையைப் பயிற்சி மருத்துவர்கள் மட்டும் சேர்ந்து செய்யாதீர்கள். பம்ப் இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட், மயக்க மருத்துவர், செவிலியர் மூவரையும் கேட்டு அழைத்துக்கொள்ளுங்கள்.