அமிகாவில் படம் எந்த ஒயரில் வரும்?

சனிக்கிழமை காலை பத்து மணி. மச்சிலிருந்து இறக்கிய அமிகா 2000, காமடோர் கம்பெனியின் எண்பதுகளின் கணினி, மேசைமேல் உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் வீட்டு மானிட்டர். "ஒரு கேபிள் மாட்டினால் ஆச்சு, மத்தியானம் கேம் ஆடலாம்." ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் இந்த வசனத்தைச் சொல்லாத அமிகாக்காரர் இருக்க மாட்டார். அன்று ராத்திரி பதினொரு மணிக்கு அதே மேசையில் மானிட்டர் மூன்றாகியிருக்கும், ஆக்சா பிளேடு ஒன்று வந்து சேர்ந்திருக்கும், கேம் மட்டும் வந்திருக்காது.

ஸ்விட்சைத் தொடுவதற்கு முன்னால் மூடியைக் கழற்றுங்கள். பிராசஸர் பக்கத்தில் போர்டிலேயே ஒரு குட்டி உருளை பேட்டரி இருக்கும். கடிகாரத்துக்கான நிக்கல் காட்மியம், 3.6 வோல்ட். பல வருஷமாகச் சும்மா கிடந்ததில் கசிந்து போர்டின் தாமிரக் கோடுகளைத் தின்றிருக்கும். கத்தரித்து எறிந்துவிட்டு, பச்சை பூத்த இடத்தைக் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் சுத்தம் செய்து காயவிடுங்கள். கடிகாரம் இனி தேதியை மறந்துபோகும். பரவாயில்லை, அமிகாவைச் செய்த காமடோர் கம்பெனியே 1994 ஏப்ரல் 29 அன்று கடையை மூடிவிட்டது.

இப்போது பின்பக்கம். படம் வரும் போர்ட்டில் 23 பின். எண்ணிப் பார்த்தது சரிதான், 25 இல்லை, 23. இந்த அளவில் பிளக் கிடைப்பது குதிரைக் கொம்பு. அதற்குத்தான் ஆக்சா பிளேடு. 25 பின் பெண் கனெக்டர் (ஓட்டைகள் உள்ள வகை) ஒன்று வாங்கி, 13உம் 25உம் இருக்கும் ஓரத்தை அறுத்துவிட்டால் மேலே 12, கீழே 11 மிஞ்சும். தகர விளிம்பை அரத்தால் ராவிவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துப் போர்ட்டோடு இடிக்கும். பின் 3 சிவப்பு, 4 பச்சை, 5 நீலம், 11 கிடைமட்ட ஒத்திசைவு, 12 செங்குத்து ஒத்திசைவு. 22இல் 12 வோல்ட்டும் 23இல் 5 வோல்ட்டும் ஓடுகிறது, சால்டர் வைக்கும்போது அந்த மூலையில் மட்டும் கை நடுங்கக் கூடாது. பக்கத்திலேயே இன்னொரு 23 ஓட்டைப் போர்ட் இருக்கும், அது ஃப்ளாப்பி டிரைவுக்கு. படத்துக்கானது ஆண், ஃப்ளாப்பிக்கானது பெண்.

கேபிள் தயார். பிசிக்கான விஜிஏ மானிட்டரில் மாட்டி ஸ்விட்சைப் போட்டால் "அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்று ஒரு பெட்டி. கேபிளைப் பிரித்து மறுபடி சால்டர் வைப்பார்கள். மறுபடி அதே பெட்டி. கேபிள் பாவம், அதன்மேல் தப்பே இல்லை. அமிகா டிவிக்காகப் பிறந்தது. பால் (PAL) என்ற டிவி முறையில் விநாடிக்கு 15,625 கோடு வரையும். விஜிஏ மானிட்டரோ சுமார் 31,500க்குக் கீழே வந்தால் பேச்சுவார்த்தைக்கே வராது. ஏறக்குறைய சரிபாதி. 23 பின்னை விஜிஏவின் 15 பின்னாக மாற்றித் தரும் அடாப்டர் விலைக்குக் கிடைக்கிறதே என்று வாங்குகிறவர்களும் உண்டு. அது பிளக்கின் உருவத்தை மாற்றும், வேகத்தை மாற்றாது. கேஸ் தீர்ந்த அடுப்புக்குப் புது பர்னர் வாங்கின மாதிரி.

ஐரோப்பாவில் சுலபமான வழி ஸ்கார்ட் என்னும் ஐரோப்பிய டிவி போர்ட் உள்ள பழைய டிவி. சிவப்பு 15க்கு, பச்சை 11க்கு, நீலம் 7க்கு. ஸ்கார்ட்டின் 16ஆம் பின்னுக்கு ஒன்றிலிருந்து மூன்று வோல்ட் கொடுத்தால்தான் டிவி ஆர்ஜிபியை, அதாவது மூன்று நிறமும் தனித்தனியாக வரும் வழியைத் திறக்கும். அமிகாவின் 5 வோல்ட்டை 180 ஓம் வழியாகக் கொடுத்தால் டிவியின் 75 ஓமோடு சேர்ந்து சுமார் 1.5 வோல்ட்டாக இறங்கும். இந்தப் பின்னை மறந்தால் படம் கருப்பு வெள்ளையில் வரும் அல்லது வரவே வராது. நம்மூர் டிவிகளும் பால் முறைதான், ஆனால் ஸ்கார்ட் ஓட்டை வைத்து விற்றவை இங்கே அபூர்வம்.

டிவி பிடிக்காதவர்களுக்கு ஸ்கேன் டப்ளர். ஒவ்வொரு கோட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு முறை அனுப்பும், 15 கிலோஹெர்ட்ஸ் 31 ஆகிவிடும். ஒற்றைக் கோடுகளையும் இரட்டைக் கோடுகளையும் மாறி மாறி வரையும் இன்டர்லேஸ் திரையில் வரும் துடிப்பு போக ஃப்ளிக்கர் ஃபிக்ஸர் வேண்டும், அது இரண்டு பாதிப் படங்களை நினைவகத்தில் சேர்த்துக் கொடுக்கும். அமிகா 3000இல் இது போர்டிலேயே உண்டு. 2000க்கு உள்ளே வீடியோ ஸ்லாட்டில் செருகும் ஏ2320 கார்டு. 1200இல் லிசா என்னும் 84 கால் சில்லின் தலைமேலேயே தொப்பி மாதிரி அமுக்கி மாட்ட வேண்டும். சூடேறி ஆற, ஏறி ஆற, தொப்பி மில்லிமீட்டர் மில்லிமீட்டராக மேலே வரும். ஒருநாள் நிறம் மாறும், மறுநாள் படம் போகும். இன்டர்நெட்டில் பத்துப் பக்கம் தேடுவதற்கு முன்னால் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கிப் பாருங்கள்.

சரி, 31 கிலோஹெர்ட்ஸ் வந்தாயிற்று, படமும் வந்துவிட்டது என்று நினைத்தால் அடுத்த வம்பு 50. பால் அமிகா விநாடிக்கு 50 படம் தரும். நிறைய எல்சிடிகள் 60க்குக் குறைந்தால் கதவைச் சாத்திவிடும். கொஞ்சம் தாராள மனசுள்ளவை உள்ளே விட்டு, தாங்களாக 60 ஆக்கிக் காட்டும், அதாவது ஐந்து படத்துக்கு ஒன்றை இரண்டு தடவை. ஓடும் கேமில் பின்னணி சீராக நகராமல், காலில் கல் குத்தினவர் நடப்பதுபோல விட்டு விட்டு இழுக்கும். மானிட்டர் வாங்கும்போது அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்க்காதீர்கள், கையேட்டில் செங்குத்து அதிர்வெண் வரிசை எங்கே ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். 50 என்றிருந்தால் நிம்மதி. பென்க்யூ பிஎல்702ஏ மாதிரி 15 கிலோஹெர்ட்ஸையே நேரடியாக வாங்கும் சில எல்சிடிகளுக்கு அமிகாக்காரர்கள் மத்தியில் ஏன் இவ்வளவு கிராக்கி என்பது இந்த இடத்தில் புரியும்.

இவ்வளவு பாட்டுக்குப் பதில் கிராபிக்ஸ் கார்டே போட்டுவிடலாமே என்று தோன்றும். தோன்றியவுடன் பிக்காசோ II ஒன்று பழைய சாமான் சந்தையில் கிடைக்கும். சீர்ரஸ் லாஜிக் சில்லு, 2 எம்பி நினைவகம். 2000இன் சோரோ II என்ற விரிவாக்க ஸ்லாட்டில் செருகி, பிக்காசோ96 மென்பொருளை ஏற்றினால் 1024க்கு 768இல் ஒர்க்பெஞ்ச், அதாவது அமிகாவின் டெஸ்க்டாப். பிராசஸர் குறைந்தது 68020 வேண்டும், 2000உடன் வந்த 68000 போதாது. இன்னொரு பொறி: சோரோ IIவில் நினைவகத்துக்கான விலாச இடமே 8 எம்பி. அதை முழுக்க ரேம் கார்டு பிடித்திருந்தால் கிராபிக்ஸ் கார்டுக்கு உட்கார இடமில்லை, கணினி அதை அடையாளமே காணாது. பிக்காசோ IIவில் இதற்கென்றே ஜம்பர் இருக்கிறது. செக்மென்ட் முறைக்கு மாற்றினால் 64 கேபி ஜன்னலுக்குள் ஒண்டிக்கொள்ளும், வேகம் மட்டும் கொஞ்சம் குறையும்.

வேகம் என்றதும் ஒரு கணக்கு. 16 பிட் நிறத்தில் அந்தத் திரை ஒன்றரை எம்பி. சோரோ II விநாடிக்கு மூன்றரை எம்பி தள்ளினாலே பெரிய விஷயம். ஒரு முழுப் படத்தைக் கொண்டு சேர்க்கவே அரை விநாடி ஆகிவிடும். ஆனால் ஜன்னலை இழுத்து நகர்த்தினால் பறக்கிறதே என்று கேட்கலாம். அது கார்டு தன் நினைவகத்துக்குள்ளேயே செய்துகொள்ளும் வேலை, சோரோ பாதையின் பக்கமே வருவதில்லை.

இப்போது கேம். நம் அமிகாக்காரர் டிஸ்க்கைப் போடுகிறார், ஓசை வருகிறது, இசை வருகிறது, மானிட்டரில் அதே ஒர்க்பெஞ்ச் அசையாமல் நிற்கிறது. கேம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, பழைய 23 பின் போர்ட்டில். அமிகாவில் கார்டு போட்டால் பழைய படச் சில்லுகள் ஓய்வு பெறுவதில்லை. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. இயங்குதளத்திடம் கேட்டுத் திரை திறக்கும் மென்பொருளைக் கார்டு ஏற்றுக்கொள்ளும். பழைய கேம்கள் யாரிடமும் கேட்காது, டிஎஃப்எஃப்180 என்ற விலாசத்தில் நேரே எழுதிப் பின்னணி நிறத்தை மாற்றிவிட்டுப் போகும். அந்த விலாசத்தில் குடியிருப்பது பழைய சில்லுதான். ஆகவே மேசையில் இரண்டு கேபிள் நிரந்தரம். பழைய படத்தைத் தானே உள்ளே வாங்கி, தேவைப்படும்போது மாற்றித் தரும் கார்டுகள் உண்டு. பிக்காசோ IVஇல் ஃப்ளிக்கர் ஃபிக்ஸரும் சேர்ந்தே வரும். புதுசு வேண்டுமானால் பெர்லினைச் சேர்ந்த எம்என்டி ரிசர்ச்சின் இசட்இசட்9000 வீடியோ ஸ்லாட்டிலிருந்து பழைய படத்தையும் எடுத்து ஒரே எச்டிஎம்ஐயில் தரும்.

இந்த வசதி இல்லாதவர்களுக்கு ராத்திரிதான் உச்சக்கட்டம். ஸ்க்ரீன்மோட் ப்ரெஃபரன்சஸில் மானிட்டர் தாங்காத ஒரு மோடைத் தேர்ந்து "சேவ்" அழுத்துகிறார். "யூஸ்" அழுத்தியிருந்தால் ரீபூட் செய்தாலே பழையபடி ஆகியிருக்கும். இப்போது ஒவ்வொரு பூட்டுக்கும் இருட்டு. மீளும் வழி இருக்கிறது: ரீசெட் செய்யும்போது மவுசின் இரண்டு பட்டனையும் அழுத்திப் பிடித்தால் ஆரம்பப் பட்டியல் வரும். வரும், ஆனால் பழைய போர்ட்டில். கார்டின் வினைக்கு மருந்து மற்ற அடுப்பில். அங்கே "ஸ்டார்ட்அப் சீக்வென்ஸ் இல்லாமல் பூட்" என்பதைத் தேர்ந்து, வரும் ஷெல்லில் (கட்டளை தட்டும் திரை) சிஸ்:ப்ரெஃப்ஸ்/என்வ்-ஆர்கைவ்/சிஸ்/ஸ்க்ரீன்மோட்.ப்ரெஃப்ஸ் என்ற கோப்பை டெலீட் செய்துவிட்டு ரீபூட். ஒர்க்பெஞ்ச் மறுபடி பழைய பால் திரையில் திறக்கும்.

ஜெர்மன்காரருக்கு இதில் போனஸ் தண்டனை. ஸ்டார்ட்அப் ஓடாததால் கீமேப் (எந்தச் சாவிக்கு எந்த எழுத்து என்ற பட்டியல்) அமெரிக்காவுடையது. ஒய் அடித்தால் இசட் வரும், "சிஸ்" என்று எழுதவே கை தடுமாறும். முக்காற்புள்ளிக்கு ஷிஃப்டோடு ஓ-உம்லாட் (ö), சாய்கோட்டுக்கு ஹைஃபன் சாவி, ஹைஃபனுக்கு எஸ்செட் (ß) சாவி. ராத்திரி பதினொன்றரைக்கு, இருட்டில்.

ராத்திரி மானிட்டர் மூன்றாகும் என்றேனே, மூன்றாவது எதற்கு? 2000இன் பின்பக்கம் ஆர்சிஏ ஓட்டை ஒன்று இருக்கிறது. கருப்பு வெள்ளைதான், 4096 நிறத்தில் ஒன்றும் வராது. ஆனால் ஏவி இன்புட் உள்ள எந்த மலிவு டிவியிலும் மாட்டலாம், சால்டர் வேண்டாம், ஆக்சா பிளேடு வேண்டாம். ஆரம்பப் பட்டியலும் ஷெல்லும் படிக்கிற அளவுக்குத் தெரியும். கணினி விழுந்து கார்டின் திரை உறைந்து நிற்கும்போது குரு மெடிட்டேஷன் என்னும் பிழைச் செய்திப் பெட்டி துடித்துக்கொண்டிருப்பதும் இந்தப் பக்கம்தான். சிவப்பில் மிரட்ட வேண்டிய பெட்டி அந்தக் குட்டி டிவியில் சாம்பல் நிறத்தில் சாதுவாக மின்னும். எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், இடது மவுஸ் பட்டனை அழுத்தினால் ரீபூட்.