சைனிங் ஏஜென்ட் ஆகுமுன் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்தேன்

நம்மூரில் நோட்டரி என்றால் ஆண்டுக்கணக்கில் வக்கீல் தொழில் பார்த்தவர். கலிபோர்னியாவில் 6 மணி நேரப் பாடம், ஒரு தேர்வு, கைரேகை, 15,000 டாலர் பாண்ட் (ஜாமீன் பத்திரம்), அவ்வளவுதான். நான்கு வருட நியமனம் கைக்கு வந்துவிடும். அது எனக்குச் சிக்கலில்லாமல் முடிந்தது. வீட்டுக்கடன் பத்திரங்களில் கையெழுத்து வாங்கும் சைனிங் ஏஜென்ட் வேலைக்கு இறங்கியபோதுதான் என் விவரங்களை எங்கெங்கே இறைத்திருக்கிறேன் என்று தெரிந்தது.

முதல் தவறு முகவரி. விண்ணப்பத்தில் தொழில் முகவரி கேட்ட இடத்தில் வீட்டு முகவரியை எழுதிவிட்டேன். நடப்பு நோட்டரிகளின் பட்டியலை மாகாணமே பொதுவில் வைத்திருக்கிறது; தொழில் முகவரி அதில் உண்டு. முகவரியை மாற்றினால் 30 நாளுக்குள், ரசீது கிடைக்கும் தபாலில் தெரிவிக்க வேண்டும். வேண்டுமென்றே விட்டால் 500 டாலர் வரை அபராதம். மாற்றிவிட்டேன். பழைய பட்டியலை நகலெடுத்து வைத்திருக்கும் தளங்களுக்கு அதைப் பற்றி என்ன கவலை?

எனவே விண்ணப்பத்துக்கு முன்பே தனியார் அஞ்சல் பெட்டி எடுத்துவிடுங்கள். வசிக்கும் தெரு முகவரியைத் தனியாகக் கொடுத்தால் பெட்டி முகவரியைத் தொழில் முகவரியாகக் காட்டச் சட்டம் விடுகிறது. பெட்டிக்குத் தபால்துறையின் 1583 படிவமும் இரண்டு அடையாளச் சான்றும் தேவை. கையெழுத்தைப் பெட்டி வாடகைக்கு விடும் கடைக்காரர் முன்னாலோ நோட்டரி முன்னாலோ போட வேண்டும். நீங்களே நோட்டரி என்றாலும் உங்கள் கையெழுத்துக்கு நீங்கள் முத்திரை குத்த முடியாது!

அழகான கடைப்பெயர் வைக்கும் ஆசை இருந்தால் ஒரு நிமிடம் பொறுங்கள். சொந்தப் பெயரல்லாத கடைப்பெயருக்காகக் கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) பதியும் கற்பனைப் பெயர் அறிக்கையில் உரிமையாளரின் வசிப்பிட முகவரி கேட்பார்கள். அதைச் செய்தித்தாளில் வாரம் ஒருமுறையாக நான்கு வாரம் வெளியிடவும் வேண்டும். சொந்தப் பெயரிலேயே தொழில் செய்தால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது தவறுதான் இன்னும் உறுத்துகிறது. வேலை கொடுக்கும் முன் ஒவ்வொரு சைனிங் கம்பெனியும் உங்கள் பெயரும் வரி எண்ணும் எழுதும் டபிள்யூ-9 படிவம் கேட்கும். வேலை வந்தால் போதுமென்று பதினொரு கம்பெனிகளுக்கு எஸ்.எஸ்.என். (சமூகப் பாதுகாப்பு எண்) போட்டு, சாதாரண மின்னஞ்சல் இணைப்பாக அனுப்பினேன். அதில் எட்டு பேர் ஒரு வேலைகூடத் தரவில்லை. அதற்குப் பதில் இ.ஐ.என். என்ற தொழில் வரி எண்ணைப் போட்டிருக்கலாம். ஐ.ஆர்.எஸ். (மத்திய வரித்துறை) தளத்தில் அது இலவசம், உடனே கிடைக்கும். தேடலில் மேலே வந்து காசு கேட்கும் தளங்கள் அரசுத் தளங்கள் அல்ல. பக்கத்தை 15 நிமிடம் சும்மா விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடைசியில் வரும், எண்ணை உறுதிசெய்யும் சி.பி. 575 கடிதத்தை அப்போதே சேமித்துக்கொள்ளுங்கள்.

டபிள்யூ-9 படிவத்தில் முதல் வரியில் உங்கள் பெயர், இரண்டாம் வரியில் தொழில் பெயர். மாற்றி எழுதினால் பெயரும் எண்ணும் பொருந்தாது. கூலியில் 24 சதவீதம் பிடித்தம் வரை போகலாம். தனி ஆள் எல்.எல்.சி. (வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம்) வைத்திருந்தால், அது தனி வரி அமைப்பாகக் கருதப்படாதவரை, அதன் இ.ஐ.என்.னை இங்கே எழுதக் கூடாது, உரிமையாளரின் எண்தான்.

ஒரு கம்பெனி அலுவலர் "இ.ஐ.என். செல்லாது, எஸ்.எஸ்.என்.தான் வேண்டும்" என்று அடம்பிடித்தார். தனிநபர் தொழில் செய்பவர் இரண்டில் எதையும் தரலாம் என்று 2024 பதிப்பு டபிள்யூ-9 வழிமுறையிலேயே இருந்தது. அந்த வரியை மட்டும் வட்டமிட்டு அனுப்பினேன். மறுநாள் பதில் எதுவுமில்லாமல் கணக்கு திறந்திருந்தது.

ஓட்டுநர் உரிம நகல் கேட்டால், எந்தக் கம்பெனிக்கு, எந்தத் தேதியில் என்று நகலின் குறுக்கே எழுதி, உரிம எண்ணை மறைத்து அனுப்புங்கள். பின்னணிச் சோதனை கேட்டால் தேர்ச்சிச் சான்று போதும். முழு அறிக்கையைத் தர வேண்டாம். கூலி வரவு வைக்க, அதிகப் பணம் இல்லாத தனி வங்கிக் கணக்கைக் கொடுங்கள். கூலிக்கு மேல் தொகை போட்டுக் காசோலை அனுப்பி, மீதியை வேறொருவருக்கு அனுப்பச் சொன்னால் அது மோசடி. வங்கி பணத்தைக் காட்டிவிடும். சில நாள் கழித்துக் காசோலை திரும்பும்போது நஷ்டம் உங்கள் தலையில்.

முன்பே போன அந்தப் பதினொரு படிவங்களைத் திரும்ப வாங்க வழியில்லை. என் பெயரில் வேறு யாரும் கடன் வாங்கிவிடாமலிருக்க, ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற கடன் தகவல் நிறுவனங்கள் மூன்றிலும் கடன் அறிக்கையை முடக்கினேன். 2018 முதல் இது இலவசம். ஐ.ஆர்.எஸ்.ஸிடம் 6 இலக்க அடையாளப் பாதுகாப்பு எண்ணும் வாங்கினேன். ஆண்டுக்கு ஒன்று மாறும். அது இல்லாமல் என் எஸ்.எஸ்.என்.னில் மின்னணு முறையில் யாரும் வரிக்கணக்கு போட முடியாது.