ஸ்கீமா இல்லாமல் ஓடிய ஆறு மாதம்

எங்கள் அலுவலகத்தில் லினக்ஸ் பயனர் கணக்குகள் எல்லாம் ஓப்பன்எல்டாப் சர்வரின் டைரக்டரியில் (கணக்கு விவரங்களை ஒரே இடத்தில் வைக்கும் தரவுத்தளம்) இருக்கின்றன. இரவுதோறும் ஊழியர் பட்டியலைப் படித்து, டைரக்டரியில் இருப்பதோடு ஒப்பிட்டு, மாறியதை மட்டும் எழுதும் ஜாவா நிரல் ஒன்றை நான் எழுதியிருந்தேன். அதற்குப் பயன்படுத்திய லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு), அன்பவுண்ட்ஐடி எல்டாப் எஸ்டிகே. இரண்டு என்ட்ரிகளை (டைரக்டரியில் ஒருவருக்கான பதிவு) கொடுத்தால் வித்தியாசத்தை மாற்றப் பட்டியலாகவே தரும் ‘டிஃப்’ என்ற மெத்தட் அதில் உண்டு. அதை நம்பித்தான் மொத்த நிரலும்.

ஆறு மாதம் நன்றாக ஓடியது, அல்லது ஓடியதாக நினைத்தேன். ஒரு நாள் காலையில் பக்கத்து அணி நண்பர் வந்து, “என்னங்க, லாகின் பண்ணினா ஹோம் டைரக்டரியே இல்லைன்னு சொல்லுது” என்றார். ஹோம் டைரக்டரி என்பது அவரவர் சொந்த ஃபோல்டர். அதன் பழைய பாதையில் அவர் பெயரின் முதல் எழுத்து கேப்பிடலில் இருந்தது. முந்தைய வாரம் ஃபோல்டரையும் ஊழியர் பட்டியலையும் சின்ன எழுத்துக்கு மாற்றிவிட்டார்கள். டைரக்டரியில் மட்டும் பழையதே கிடந்தது. நிரலின் லாகைப் பார்த்தால் அவர் கணக்குக்கு நேரே ‘மாற்றம் இல்லை’. (தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற தொல்லை இல்லாததன் அருமை அன்றைக்குத்தான் தெரிந்தது.)

இதற்கு நேர்மாறான கூத்து ஒன்றும் லாகில் இருந்தது. சிலருடைய தொலைபேசி எண் ஒவ்வொரு இரவும் மாற்றப்பட்டுக்கொண்டே இருந்தது. தொலைபேசிப் பிரிவின் ஸ்கிரிப்ட் ஒன்று காலையில் எண்களை இடைவெளி விட்டு எழுதும். ஊழியர் பட்டியலிலோ நடுவில் கோடு இருக்கும். அவர்கள் காலையில் எழுதுவதை என் நிரல் இரவில் அழித்து எழுதிக்கொண்டிருந்தது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. எந்த ஆட்ரிபியூட்டை (என்ட்ரியில் உள்ள ஒரு தகவல் புலம்) எப்படி ஒப்பிட வேண்டும் என்ற விதி ஸ்கீமாவில்தான், அதாவது டைரக்டரியின் விதித் தொகுப்பில்தான் இருக்கிறது. ஆர்எஃப்சி 2307 என்ற ஆவணம் வரையறுக்கும் ‘ஹோம்டைரக்டரி’க்கு உரிய விதி ‘கேஸ் எக்ஸாக்ட் ஐஏ5 மேட்ச்’, அதாவது பெரிய எழுத்து சின்ன எழுத்தாக மாறினாலும் வேறு மதிப்பு. தொலைபேசி எண்ணுக்கான விதி இடைவெளியையும் கோட்டையும் பொருட்படுத்தாது. சர்வருக்கு இவை தெரியும். என் நிரலுக்குத் தெரியாது. ஸ்கீமா கையில் இல்லாதபோது லைப்ரரி எல்லாவற்றையும் பெரிய, சிறிய எழுத்து பார்க்காத சாதாரணச் சொற்களாகவே ஒப்பிடுகிறது. ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை. ஸ்கீமா என்பது சர்வர் நிர்வாகியின் தலைவலி என்று இருந்துவிட்டேன்.

சரி, கனெக்‌ஷன் ஆப்ஷன்ஸில் ‘செட் யூஸ் ஸ்கீமா’வை ட்ரூ ஆக்கினேன். சர்வரிலிருந்து வரும் என்ட்ரிகளுக்கு விதி தெரிந்துவிட்டது. ஆனால் ஊழியர் பட்டியலிலிருந்து நானே கட்டும் என்ட்ரிகளுக்கு இன்னும் தெரியாது. ஒரு பக்கம் மட்டும் விதி தெரிந்து ஒப்பிடுவதில் பயனில்லை. ‘கெட் ஸ்கீமா’வால் ஸ்கீமாவை ஒருமுறை எடுத்து, என்ட்ரியைக் கட்டும் இடத்தில் எல்லாம் கூடவே கொடுத்தேன். அந்த ஸ்கீமா ‘நல்’ (null, எதுவும் இல்லை) ஆகவும் வரக்கூடும். வந்தால் நிரல் அங்கேயே நின்றுவிடும்படி எழுதினேன். ஸ்கீமா இல்லாமல் சத்தமில்லாமல் ஓடுவதைவிட ஓடாமல் நிற்பது மேல்.

திருத்திய நிரலை உடனே உண்மையில் ஓட விடவில்லை, நல்லவேளை. மாற்றங்களை எழுதாமல் திரையில் மட்டும் காட்டச் சொன்னேன். இத்தனை நாள் கண்ணில் படாத ஹோம் டைரக்டரி வித்தியாசங்கள் வரிசையாக வந்து நின்றன. அவற்றில் சிலருக்குப் பட்டியல்தான் சின்ன எழுத்து, ஃபோல்டர் இன்னும் பழைய பெயரில்தான் இருந்தது. அப்படியே எழுதியிருந்தால் மறுநாள் காலை அவர்களும் என் மேசைக்கு வந்திருப்பார்கள். ஒவ்வொன்றாகச் சரிபார்த்து முடிக்க இரண்டு நாள் ஆனது.

அப்புறம் சர்வர் லாக். கணக்குத் தேடும் எங்கள் உள் இணையப் பக்கமும் இதே நிரல் பகுதியைப் பயன்படுத்துகிறது, அதில் கனெக்‌ஷன் பூல் (திறந்தே வைத்துப் பகிர்ந்துகொள்ளும் இணைப்புகள்) உண்டு. பூலில் புதிய கனெக்‌ஷன் திறக்கும்போதெல்லாம் ‘சிஎன்=சப்ஸ்கீமா’வுக்கு (சர்வர் ஸ்கீமாவைத் தரும் என்ட்ரி) ஒரு தேடல். அதே பெரிய பதில், திரும்பத் திரும்ப. இதற்கு ‘செட் யூஸ் பூல்ட் ஸ்கீமா’ இருக்கிறது. பூல் முழுக்க ஒரே ஸ்கீமாவைப் பகிர்ந்துகொள்ளும். அதன் ஆயுள் இயல்பாக 36,00,000 மில்லி விநாடி, ஒரு மணி நேரம். எங்கள் ஸ்கீமா வருடத்துக்கு ஒருமுறை மாறினால் பெரிது என்பதால் அதைத் தொடவில்லை.

கடைசியாக டெஸ்ட். இதே லைப்ரரியில் நினைவகத்திலேயே ஓடும் குட்டி டைரக்டரி சர்வர் ஒன்று இருக்கிறது. எங்கள் சொந்த ஆட்ரிபியூட்டுகள் அதற்குத் தெரியாது என்பதால் எங்கள் ஸ்கீமாவையே கொடுக்க நினைத்தேன். சர்வரின் ஸ்கீமா ஃபோல்டரில் இருந்த எல்டிஃப் (டைரக்டரித் தகவலை எழுதும் உரை வடிவம்) கோப்புகளைக் காப்பி செய்ததில் அரை நாள் போனது. அவை ஓப்பன்எல்டாப் தன் கட்டமைப்புக்காக வைத்திருப்பவை. உள்ளே ‘ஓஎல்சி’ முன்னொட்டோடு ‘ஓஎல்சிஆட்ரிபியூட்டைப்ஸ்’ என்று இருக்கும். லைப்ரரி தேடுவது முன்னொட்டு இல்லாத ‘ஆட்ரிபியூட்டைப்ஸ்’. ஓடும் சர்வரிடமே கேட்பதுதான் வழி. ‘எல்டாப்சர்ச்’ என்ற தேடல் கட்டளையில் பேஸ் (தேடத் தொடங்கும் இடம்) ஆக ‘சிஎன்=சப்ஸ்கீமா’, ஸ்கோப் ‘பேஸ்’ (அந்த ஒரு என்ட்ரி மட்டும்), கேட்கும் ஆட்ரிபியூட்டாக ஒரு கூட்டல் குறி. இவை ஆபரேஷனல் ஆட்ரிபியூட்டுகள் (சர்வர் தன் வேலைக்காக வைத்திருப்பவை), கூட்டல் குறி இல்லாவிட்டால் வராது. வந்த எல்டிஃபை நிரலோடு ரெப்போவில் போட்டுவிட்டேன். டெஸ்ட் அதைப் படித்துக்கொள்கிறது, அணியில் எல்லோரிடமும் ஒரே ஸ்கீமா. முதல் டெஸ்டே நண்பரின் கேப்பிடல் எழுத்துதான்.

தொலைபேசிப் பிரிவின் ஸ்கிரிப்ட் இன்னும் காலையில் இடைவெளி விட்டு எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. என் நிரல் இப்போது அதைக் கண்டுகொள்வதில்லை.