சமாதானம் பேசப் போகும் சபைகளுக்கு

உலகத் திருச்சபைகள் மன்றம் 2001 முதல் 2010 வரை வன்முறையை வெல்லும் பத்தாண்டை நடத்தியது. 2011 இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் அதன் நிறைவு மாநாடு. திருகோணமலையில் அந்த வேலை இன்னும் மிச்சமிருக்கிறது.

ஒருவர் நமக்குத் தவறு செய்தால் அதைப் பேசித் தீர்க்கும் ஒழுங்கை மத்தேயு 18:15-17 தருகிறது: முதலில் தனியாக, பிறகு ஓரிருவரோடு, கடைசியில்தான் சபைக்கு. பலர் கடைசியை முதலில் செய்கிறார்கள். பிரசங்கத்தில் குத்திக்காட்டப்பட்டவர் பிறகு கதைக்க வரமாட்டார். ஆனால் அடிவாங்கும் மனைவியிடம் இந்த வசனத்தைக் காட்டி "தனியாகப் போய்க் கதை" என்று சொல்லவே கூடாது. அவளுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பான இடம், அடுத்தது பொலிஸ் முறைப்பாடு.

தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் கூடுவதென்றால் ஆலயத்தைவிடப் பொது மண்டபம் நல்லது. வெள்ளி மதியமும் ஞாயிறு காலையும் பௌர்ணமிப் போயா தினமும் வேண்டாம். மொழிபெயர்ப்பவர் தகராறில் சம்பந்தப்படாதவராக இருக்கட்டும். வாக்கியம் வாக்கியமாகச் சொல்லட்டும். சுருக்கினால் "எதையோ மறைக்கிறார்" என்ற சந்தேகம் வரும். உடன்பாட்டைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள்: யார், எதை, எந்தத் திகதிக்குள். ஒரு மாதம் கழித்துத் திரும்பக் கூடும் நாளையும் அதிலேயே குறித்துவிடுங்கள்.

வதந்தி இரவில்தான் ஓடும். குருவானவர், போதகர், மௌலவி, ஐயர், பிக்கு ஆகியோரில் ஒருவருடைய தொலைபேசி இலக்கம் மற்றவரிடம் முன்பே இருக்கவேண்டும்.