“ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போறேன் சார்”

வண்டியில் கோளாறு இருப்பது தெரிந்தே ரோட்டில் எடுத்தால் கேஸ் யார் மேல் வரும், ஓனர் மேலா டிரைவர் மேலா என்று டிரெய்லர் ஓட்டும் நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டு பேர் மேலும் வரும். ஆனால் ஓனர் மேல் அது தானாக வராது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வண்டி நின்றது. காலையில் எடுக்கும் முன் பிரேக்குக்குப் போகும் ஏர் (காற்று) சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம். தெரியாதவர்களுக்காக: 40 அடி டிரெய்லரில் முன்வண்டியிலிருந்து பின்னால் இரண்டு ஹோஸ் போகும். சிவப்பில் எப்போதும் காற்று நிற்கும். மஞ்சளில் பெடலை மிதித்தால்தான் காற்று வரும். அதனால் மஞ்சள் லைனில் லீக் இருந்தால், வண்டி சும்மா நிற்கும்போது கேஜ் முள் அசையவே அசையாது. மிதித்தால்தான் பின்னால் புஸ்ஸென்று போகும். மிதிக்கிற ஆள் கேபினுக்குள்ளே, சத்தம் வருவதோ கடைசி ஆக்சிலில். கிளீனர் இருந்த காலத்தில் அவன் பின்னால் போய்க் காது கொடுத்துக் கேட்பான். இப்போது சம்பளம் மிச்சம் என்று பல ஓனர்கள் கிளீனரே போடுவதில்லை.

அதற்காக ஒரு சவுக்குக் கட்டையை அளவாக வெட்டிக் கேபினில் வைத்திருக்கிறேன். டயருக்கு அடியில் கட்டை போட்டுவிட்டு, இந்தச் சவுக்கைப் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் முட்டுக் கொடுத்தால் பிரேக் மிதித்தபடியே நிற்கும். அப்புறம் இறங்கிப் பின்னால் போகலாம். தண்ணீர் பாட்டிலில் ஒரு ஷாம்பூ பாக்கெட்டைக் கரைத்து ஹோஸ், ஜாயின்ட், பிரேக் சேம்பர் (காற்றை வாங்கிப் பிரேக்கைத் தள்ளும் டப்பா) எல்லாவற்றிலும் ஊற்றினால் லீக் இருக்கிற இடத்தில் நுரை கிளம்பும். அன்றைக்குக் கடைசி ஆக்சில் இடது பக்கச் சேம்பரைச் சுற்றிப் பொங்கிக்கொண்டு வந்தது. அதற்குள் இருக்கும் ரப்பர் தகடு, டயாஃப்ரம், போய்விட்டது. உள்பக்க டயர் இரண்டும் மொட்டை, பட்டனே (ரோட்டைப் பிடிக்கும் வரிப்பள்ளம்) இல்லை. லாரி டயரில் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி.

போட்டோ, வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் போட்டேன். “பெட்டி ஏத்த மாட்டேண்ணா, சேம்பர் லீக்” என்று எழுதியும் போட்டேன். பதில் வந்தது: “சரி தம்பி, பெட்டி ஏத்தாத. காலியா மாதவரம் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிட்டுப் போ. மெதுவா போ.” கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. இதே தொழிலில் இருக்கிற யாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

200 அடி சாலையில், மாதவரம் ரவுண்டானாவுக்கு முன்னால் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) வண்டிகளை ஓரங்கட்டிக்கொண்டிருந்தார். ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), லைசென்ஸ் எல்லாம் பார்த்தார். எதுவும் காலாவதி ஆகவில்லை. “பெடலை மிதிப்பா” என்று சொல்லிவிட்டு அவரே பின்னால் போனார். திரும்பி வந்து கேட்டார்: “லீக் இருக்கிறது உனக்குத் தெரியுமா?”

“தெரியும் சார். ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போறேன்.”

“ஒர்க்‌ஷாப் வரைக்கும் ரோட்ல பிரேக் வேணாமாப்பா?”

அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்?

ஓனரை போனில் பிடித்தேன். அவர் இன்ஸ்பெக்டரிடம், “எஃப்.சி. இன்னும் மாசக்கணக்கில் இருக்கு சார்” என்றார். எட்டு வருஷம் வரைக்கும் லாரிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி., அதற்கு மேல் வருஷா வருஷம். எஃப்.சி. காட்டிய அன்றைக்கு வண்டி நன்றாக இருந்தது என்பதுதான் அந்தக் காகிதத்துக்கு அர்த்தம். வண்டி விதிப்படி இல்லை என்று தெரிந்தால் நடுவிலேயே அதை ரத்து செய்ய மோட்டார் வாகனச் சட்டம் 56-வது பிரிவில் அதிகாரம் இருக்கிறது. இன்ஸ்பெக்டர் அதை எடுத்துச் சொன்னதும் ஓனர் குரல் இறங்கிவிட்டது.

வண்டி இங்கிருந்து நகரக் கூடாது, மெக்கானிக்கை இங்கேயே வரவழை என்றார் இன்ஸ்பெக்டர். ஒர்க்‌ஷாப்பிலிருந்து பாய் பைக்கில் சாமானோடு வந்தார். டயர் இரண்டும் குட்டியானையில் வந்தன. சேம்பரின் கிளாம்பைக் கழற்றி டயாஃப்ரத்தை எடுத்தார். ஓரத்தில் விரல் நீளத்துக்குக் கிழிசல். “இதை வெச்சுக்கினு எப்படிப்பா எடுத்துட்டு வந்த?” என்று அவரும் தன் பங்குக்குத் திட்டினார். புதுசு மாட்டி, ஷாம்பூ தண்ணீர் ஊற்றிக் காட்டிய பிறகு வண்டியை விட்டார்கள். ஆனால் இன்ஸ்பெக்டர் எழுதிய செக் ரிப்போர்ட்டை, அதாவது கேஸ் தாளை, திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அதே சட்டத்தில் 190-வது பிரிவு, முதல் உட்பிரிவு. கோர்ட்டுக்குப் போக வேண்டியதாயிற்று.

அன்று சாயங்காலமே ஓனர் கூப்பிட்டார். “தம்பி, காலைல போட்ட மெசேஜை எல்லாம் அழிச்சிடு. அது இருந்தா உனக்குத்தான் ஆபத்து. தெரிஞ்சே ஓட்டினன்னு ஆகும்.” பாதி உண்மை. அதனால்தான் அழிக்காமல் ஒரு வக்கீலிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சொன்னதுதான் இந்தக் கதையிலேயே முக்கியம்.

இந்தப் பிரிவில் ‘தெரிந்து’ ஓட்டியவர் மட்டும் மாட்டுவதில்லை. சாதாரணமாகக் கவனித்திருந்தாலே தெரிந்திருக்கும் என்கிற கோளாறோடு ஓட்டினாலும் அதே குற்றம்தான். ஆகவே “எனக்குத் தெரியாது சார்” என்று சொல்லியும் தப்பிக்க முடியாது. நான் இன்ஸ்பெக்டரிடமே தெரியும் என்று சொல்லியாகிவிட்டது. மெசேஜை அழித்தால் எனக்கு ஒரு பைசா லாபமில்லை. லாபம் ஓனருக்கு மட்டும். ஏனென்றால் ஓட்டியவரோடு சேர்த்து, ஓட்டச் சொன்னவரையும் ஓட்ட அனுமதித்தவரையும் இந்தப் பிரிவு பிடிக்கிறது. ஓவர்லோடு கேஸ் என்றால் ஓனருக்குத் தெரிந்தேதான் நடந்தது என்று கோர்ட் ஊகித்துக்கொள்ளலாம் என 113-வது பிரிவே சொல்கிறது. கோளாறு கேஸில் அப்படி ஒரு வரி கிடையாது. ஓனர் சொன்னார் என்பதை யாராவது காட்ட வேண்டும். என்னிடம் “காலியா ஓட்டிட்டுப் போ” என்று அவர் கைப்பட எழுதியது இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தோம். கேஸில் அவரும் சேர்ந்தார்.

இதைப் படிக்கிற ஓனர்கள் என்னைத் திட்டலாம். கேபினில் உட்காரும் ஆள் மட்டும் கோர்ட் வாசலில் நிற்க, ஒர்க்‌ஷாப் பில்லைத் தள்ளிப்போட்ட ஆள் வீட்டில் உட்கார்ந்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கோர்ட்டில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. காலையிலேயே போய், பெயர் கூப்பிடும் வரை வராந்தாவில் நிற்க வேண்டும். ஒத்துக்கொண்டால் அன்றே அபராதம். மறுத்தால் சாட்சி, வாய்தா என்று இழுக்கும், ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் படி போச்சு. ஒத்துக்கொண்டோம். முன்பு இந்தக் குற்றத்துக்கு அபராதம் 250 ரூபாய் வரைதான். 2019 திருத்தத்துக்கு அப்புறம் 1,500 வரை. ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

1,500 தானே என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று. அதே கோளாறால் விபத்து நடந்து யாருக்காவது அடிபட்டாலோ பொருள் சேதமானாலோ மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது 5,000 அபராதம், அல்லது இரண்டுமே. மறுபடி மாட்டினால் ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது 10,000 அபராதம். உயிர் போனால் அலட்சியத்தால் மரணம் என்று பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவில் ஐந்து வருஷம் வரை தனியாக வரும். எண்ணூர் விரைவு சாலையில் ராத்திரி டிரெய்லர் வரிசைக்கு நடுவில் பைக்குகள் புகுந்து போவதைப் பார்த்தவர்களுக்கு அந்த சேம்பர் எந்த நேரத்தில் கைவிட்டிருக்கலாம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

என் அபராதத்தையும் ஓனர்தான் கட்டினார். ஆனால் அந்த மாதப் படியில் 1,500 குறைந்திருந்தது. மேனேஜரிடம் ரசீதையும் அந்த மெசேஜையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். மறுவாரம் பணம் வந்துவிட்டது. இப்போது அந்த யார்டில் சேம்பர் லீக் என்று சொன்னால், “காலியா ஓட்டிட்டுப் போ” என்பதை ஓனர் மெசேஜில் போடுவதில்லை. போனில்தான் சொல்கிறார். நானும், “எழுதிப் போடுங்கண்ணா” என்கிறேன். அதற்குள் பாய் பைக்கில் வந்துவிடுகிறார்.